சாயாத குதிகால்

பிப்ரவரி 9, 2016, செவ்வாய்

காலையிலிருந்து மழை. இரண்டாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்களின் போர்வைகளைப் பிழிந்து சன்னல் கம்பியில் காயப்போட்டேன். வகுப்பு முழுக்க நனைந்த ஆட்டு வாடை. கழித்தல் கணக்கு நடத்துவதாக இருந்தேன், பாட்டுப் பாடியே பொழுது போயிற்று.

மகள் தெபெல்லோ வீடு வந்து சேர இருட்டிவிட்டது. ஜனவரியில் உயர்நிலைப் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து இதே கதைதான். முகடு தாண்டி இறங்கும் சரிவில் வலது கணுக்கால் மறுபடியும் மடங்கிவிட்டதாம். ரொட்டி மாவு மாதிரி உப்பிக் கிடந்தது. வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைக்கச் சொன்னேன்.

"காலுன்னா வலிக்கத்தான் செய்யும் கண்ணு. நாள் முழுக்க நம்மளைச் சுமக்குதில்ல?"

"எல்லாருக்குமா வலிக்கும்?"

"எல்லாருக்கும்தான்."

தலையைத் தூக்கி என்னையே பார்த்தாள். சொன்ன பதில் பிடிக்காவிட்டால் அவள் அப்பாவும் அப்படித்தான் பார்ப்பார்.

பிப்ரவரி 11, வியாழன்

வீக்கம் வடியவில்லை. ஆனாலும் போனாள்.

பிப்ரவரி 21, ஞாயிறு

சர்ச் முடிந்து, தெபெல்லோவின் அப்பா லெபேகோவின் அக்கா செல்லோவானே எங்களோடு சாப்பிட வந்தார். களியும் கீரையும்தான். நேற்று ஒரு கோழி முட்டையிட மறுத்ததால் அதுவும் சட்டியில். தெபெல்லோ நொண்டிக்கொண்டே தண்ணீர் எடுத்து வந்து வைத்தாள். அத்தைக்கு அது போதுமே.

"மலையில பொறந்த புள்ளைக்கு மலையில நடந்தா வலிக்குதாம்! நாளைக்கு ஆட்டுக்குக் கம்பளி குத்துதுன்னு சொல்லுவாங்க."

"ஆட்டுக்குக் குத்தினா நீங்க கத்தரிச்சு விடுவீங்க அத்தை. என்னைத்தான் திட்டுறீங்க."

லெபேகோ கம்பளிக் கொட்டகையில் ரோமம் தரம் பிரிக்கிறவர். கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்ததில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.

அவர் போன பிறகு பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் தெரிந்தது. பள்ளியில் விளையாட்டு நேரத்தில் ஓட மாட்டேன் என்றதற்காக, தெபெல்லோவை அந்த நேரம் முழுவதும் மைதானத்தின் நடுவில் நிற்க வைத்திருக்கிறார்கள். எல்லாரும் பார்க்க. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே இந்தப் பெண்?

மார்ச் 8, செவ்வாய்

இன்றைக்குப் பெரிய சண்டையாகியிருக்க வேண்டியது.

கொஞ்ச நாளாக விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறாள். படிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கம்பளி லாரி ஓட்டுகிறவர் இன்று லெபேகோவிடம் சொன்னாராம், மலையைச் சுற்றிப் போகும் வண்டிப்பாதையில் உங்கள் மகள் தனியாக நடந்து போகிறாள் என்று. எங்கள் ஒற்றையடிப் பாதைக்கு அது இரண்டு மடங்கு தூரம். இருட்டில், நாய்கள் திரியும் இடத்தில்!

வந்ததும் பிடித்துக்கொண்டேன். யாரைப் பார்க்கப் போற? எவன் அவன்? என்னென்னவோ கேட்டுவிட்டேன். அவள் பையைக் கழற்றிவிட்டு நிதானமாக உட்கார்ந்தாள்.

"ரோட்டுல எவ்வளவு நடந்தாலும் வலிக்கலம்மா. நம்ம பாதையில கொஞ்ச தூரத்துலயே ஆரம்பிச்சிடுது. அதுவும் எல்லா இடத்துலயும் இல்ல. மலை எனக்கு இடது பக்கமா இருக்கிற சரிவுலதான். திரும்பி வரும்போது அதே சரிவுல மலை வலது பக்கம் வந்துடுதில்ல, அப்ப கம்மி. மாத்தி மாத்திப் போய்ப் பாத்துட்டேன்."

நானும் எதிரில் உட்கார்ந்தேன்.

"சோம்பேறிக்கு எல்லா ரோட்டுலயும் வலிக்கணுமில்ல?"

பதிமூன்று வயது. ஊரே சோம்பேறி என்றபோது அழுதுகொண்டு மூலையில் உட்காராமல், வலி எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று பாதை பாதையாக நடந்து பார்த்திருக்கிறாள். நானாக இருந்தால் செய்திருப்பேனா? இத்தனை வருடம் இதே பாதைகளில் நடந்தவள்தானே நானும்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். செல்லோவானே என்ன சொன்னாலும் சரி.

மார்ச் 18, வெள்ளி

மொகோட்லோங், எங்கள் மாவட்ட ஆஸ்பத்திரி. பிள்ளைத்தாய்ச்சிகள், இருமுகிறவர்கள், வரிசை வாசலைத் தாண்டி நின்றது. சின்ன வயது டாக்டர். படம் எடுத்தார். "எலும்பு ஒண்ணும் ஒடையலை. சுளுக்குதான். கட்டுப் போட்டு மாத்திரை தரேன்."

"சுளுக்குன்னா ரோட்டுல நடந்தாலும் வலிக்கணுமே டாக்டர்?" என்றாள் தெபெல்லோ. பாதைக் கதை முழுவதையும் சொன்னாள். எனக்குக் கூச்சமாக இருந்தது, வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது.

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியலம்மா. நிஜமா தெரியல. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை மாசேருவிலேர்ந்து எலும்பு டாக்டர் வருவாங்க. இப்ப என்கிட்ட சொன்னதை ஒண்ணு விடாம அவங்ககிட்ட சொல்லு."

தெரியவில்லை என்று சொல்லும் டாக்டரை நான் இதுவரை பார்த்ததில்லை. வீடு வரும்வரை அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தோம்.

ஏப்ரல் 29, வெள்ளி

போன மாதக் கடைசி வெள்ளி பெரிய வெள்ளியாகப் போனதால் இன்றுதான் பார்க்க முடிந்தது. மறப்பதற்குள் எழுத வேண்டும்.

எலும்பு டாக்டரின் பெயர் டாக்டர் மொஹாபி என்றதும் நெட்டையான ஓர் ஆளை நினைத்துக்கொண்டு போயிருந்தேன். உள்ளே ஒரு குள்ளமான பெண். சேறு அப்பிய ரப்பர் பூட்ஸ். கையில் பாதி கடித்த எண்ணெய் அப்பம். வரும் வழியில் வண்டி சேற்றில் மாட்டி, இவரும் இறங்கித் தள்ளியிருக்கிறார்.

தெபெல்லோ ஆரம்பித்தாள். ரோடு, சரிவு, மலை. டாக்டர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"இரு இரு. மலை எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். வலது கால் பள்ளத்துப் பக்கம் இருக்கும்போது."

"இதை யாரு சொல்லிக் கொடுத்தா உனக்கு?"

"யாரும் இல்ல. நடந்து பாத்தேன்."

அப்பம் மேசைக்குப் போயிற்று. வெறுங்காலோடு நடக்கச் சொன்னார். பின்னாலேயே குனிந்துகொண்டு அவரும் நடந்தார். சுவரைப் பார்த்து நிற்கவைத்து, முன்பாதத்தில் எக்கச் சொன்னார். பிறகு நர்ஸைப் பக்கத்தில் நிற்கவைத்து அவரையும் எக்கச் சொன்னார். "பாருங்க அம்மா" என்று என்னைக் கூப்பிட்டார். நர்ஸ் எக்கியதும் குதிகால் உள்பக்கமாகத் திரும்பியது, உள்ளங்காலில் குழி விழுந்தது. தெபெல்லோவின் வலது குதிகால் அப்படியே நின்றது. உள்ளங்கால் தட்டையாகவே இருந்தது.

அதன் பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. நர்ஸை உட்காரவைத்து, அவர் குதிகாலைத் தெபெல்லோவின் கையிலேயே கொடுத்தார். "பக்கவாட்டுல ஆட்டிப் பாரு." ஆட்டினாள். "அய்யோ, ஆடுது!" பிறகு தன் காலைப் பிடித்து ஆட்டினாள். கல்லைப் பிடித்த மாதிரி இருந்தது அவள் முகம்.

"மறுபடி படம் எடுக்கணும். காலைச் சாய்ச்சு வச்சு எடுக்கணும். நேரா எடுத்தா இது ஒளிஞ்சுக்கும்."

சாய்த்து எடுத்த படத்தில் இருந்தது. குதிகால் எலும்பிலிருந்து எறும்புத்தின்னியின் மூக்கு மாதிரி ஒன்று நீண்டு, முன்னால் இருக்கும் எலும்பைத் தொட்டுக்கொண்டு.

"இந்த ரெண்டு எலும்புக்கும் நடுவுல இடைவெளி இருக்கணும். வயித்துல இருக்கும்போது எல்லாருக்கும் ஒரே கட்டிதான், அப்புறம் தனித்தனியா பிரியும். இவளுக்கு இந்த ரெண்டும் பிரியல. சின்னப் புள்ளையில நடுவுல இருந்தது மெத்துனு இருந்துச்சு, வளைஞ்சு கொடுத்துச்சு. இப்ப எலும்பா இறுகுது. அதான் இந்த வயசுல வலி. கல்லு மேல மிதிச்சா குதிகால் சாயணும். இவளுக்குச் சாயாது. அதனால அந்த அடியை மேல இருக்கிற கணுக்கால் வாங்கிக்கிட்டு மடங்குது."

"அப்ப நான் நடிக்கல" என்றாள் தெபெல்லோ.

"நடிப்பா? இந்தக் காலை வச்சுக்கிட்டு முகடு ஏறிப் படிக்கப் போயிருக்க. எங்க வீட்டுல ரெண்டு தடியனுங்க இருக்கானுங்க, பக்கத்துத் தெரு ஸ்கூலுக்கு வண்டி கேட்டுக்கிட்டு. கூட்டிட்டு வந்து உன்னைக் காட்டணும்."

இடது காலிலும் கொஞ்சம் இருக்கிறதாம். "அது தூங்குது, எழுப்ப வேண்டாம்" என்றார். முதலில் வலது காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்துப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் பிறகு அறுவை.

"இது குடும்பத்துல வர்றது. உங்க பக்கம் வேற யாருக்காவது இருக்கா?"

"இல்ல" என்றேன், உடனே.

டாக்டர் என் செருப்பைப் பார்த்தார். உள்பக்கம் மட்டும் தேய்ந்துபோன என் செருப்பை.

திரும்பும் வழியெல்லாம் தெபெல்லோ அந்தப் படத்தை ஆகாயத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மே 1, ஞாயிறு

சாப்பிட்டு முடித்ததும் தெபெல்லோ நாற்காலிகளை ஓரமாக இழுத்தாள். "செருப்பைக் கழட்டுங்க ரெண்டு பேரும். டாக்டர் வந்திருக்கேன்."

முதலில் அப்பா. லெபேகோ கையைத் தூக்கி, கழுத்தை நீட்டி, ஒட்டகச்சிவிங்கி மாதிரி எக்கினார். "சும்மா இருங்கப்பா!" குதிகால்கள் அழகாக உள்ளே திரும்பின.

அப்புறம் நான். மேசையைப் பிடித்துக்கொண்டு எக்கினேன். திரும்பிப் பார்த்தால், குனிந்தவள் நிமிரவில்லை.

"என்னடி?"

"இன்னொரு தடவை எக்குங்கம்மா."

எக்கினேன்.

"திரும்பல."

தரையில் உட்கார்ந்து என் குதிகாலைக் கையில் எடுத்து ஆட்டினாள். ஆடவில்லை. இரண்டு கையாலும் பிடித்தாள். லெபேகோவும் குனிந்து பார்த்தார். வீட்டில் நான் ஏதோ சந்தையில் வாங்கி வந்த சாமான் மாதிரி.

நான் சிரித்தேன். கோழிகளை அடைக்கிறேன் என்று வெளியே போனேன். கோழிகள் ஏற்கெனவே அடைந்திருந்தன.

படுக்கும்போது அவரிடம் கேட்டேன். "தெபெல்லோ அப்பா, சரிவுல நடந்தா உங்களுக்குக் கால் எப்படி வலிக்கும்?"

"களைப்பா இருக்கும்."

"களைப்பு இல்ல, வலி. உள்ள, ஆணி வச்ச மாதிரி."

"இல்லையே."

"என்னைக்குமா?"

"என்னைக்கும் இல்ல." எழுந்து உட்கார்ந்துவிட்டார். "உனக்கு வலிக்குமா? தினமுமா?"

எல்லாருக்கும் என்று நினைத்தேன். சத்தியமா எல்லாருக்கும்னு நெனச்சேன்! தண்ணிக்குடத்தைத் தலையில வச்சுக்கிட்டுச் சிரிச்சுப் பேசிக்கிட்டு மேடு ஏறுறாளுங்களே, வலியை மறைக்கிறதுல கெட்டிக்காரிங்கன்னு நெனச்சேன். நாம மட்டும் கொஞ்சம் பலவீனம்னு. அவங்களுக்கு வலிக்கவே இல்லையா? ஒருத்திக்குமா?

மே 2, திங்கள்

என் அப்பா பக்கத்து வீட்டுக்குப் போவதென்றாலும் குதிரை ஏறித்தான் போவார். கர்வம் பிடித்தவர் என்று ஊரில் பேசுவார்கள். இன்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது அந்த ஞாபகம் வந்து, சுண்ணக்கட்டி கையில் அப்படியே நின்றது. அவருடைய கால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஞாபகமே இல்லை. எப்போதும் பூட்ஸ்.

மே 27, வெள்ளி

மாவுக்கட்டுப் போட்டாயிற்று, முழங்கால் வரை. லெபேகோ தினமும் அவளைக் குதிரையில் ஏற்றிப் பள்ளியில் விட்டுவிட்டு, பிறகு கொட்டகைக்குப் போகிறார். குதிரையும் அவரோடு சேர்ந்து மெலிகிறது.

ஜூன் 20, திங்கள்

குளிர்காலப் பனி வாசலை மூடி, கதவைத் தள்ள முடியவில்லை. கட்டுக்குள் அரிக்கிறதாம். பின்னல் ஊசியை விட்டுச் சொறிந்துகொண்டே எலும்புப் படத்தைப் பார்த்து வரைகிறாள். காலுக்குள் இத்தனை எலும்புகளா? ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற இடத்தில் ஒரு கல்சுவரையே கட்டி வைத்த மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு கல்லும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கிற சுவர். நான் அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வகுப்பில் என் பிள்ளைகள் இவ்வளவு பொறுமையான ஆசிரியரைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஜூலை 29, வெள்ளி

கட்டுப் பிரித்ததும் வலி இல்லை என்றாள். பள்ளி திறந்து சரிவில் இறங்கியதும் பழையபடி. டாக்டர் மொஹாபி இன்று சொல்லிவிட்டார், இரண்டு எலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும் அந்தப் பாலத்தை வெட்டி எடுத்துவிடலாம் என்று. தலைநகர் மாசேருவில்.

தெபெல்லோதான் கேள்வி கேட்டாள்.

"மறுபடி வளராதா?"

"வளரலாம். அதுக்குத்தான் வெட்டின இடத்துல பக்கத்துல இருக்கிற சின்னத் தசையை இழுத்து நடுவுல வச்சுத் தைப்பேன். வேலி மாதிரி."

"உங்ககிட்ட பண்ணி யாருக்காவது சரியாகாம போயிருக்கா?"

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப்போட்டார். "ஒரு பையனுக்கு. வலி முழுசா போகலை. லேட்டா வந்தான். மூட்டு கெட்டுப் போயிருந்துச்சு."

"எனக்குக் கெட்டுப் போயிருக்கா?"

"படத்துல இல்ல. உள்ள திறந்தாத்தான் நிச்சயமா சொல்லுவேன்."

"சரி" என்றாள், ரொட்டிக் கடையில் சாமான் வாங்குகிற மாதிரி.

ஜூலை 31, ஞாயிறு

லெபேகோ முடியாது என்கிறார். இரண்டு நாளாக ஒரே பேச்சு. கோபக்காரர் இல்லை அவர். பயம். கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"நொண்டினாலும் நடக்கிற புள்ள. வெட்டிப் போட்டு, நாளைக்கு நடக்கவே முடியலன்னா? நான் தூக்கிக்கிட்டுப் போவேன். நான் செத்தா யாரு தூக்குவா?"

செல்லோவானே வேறு: "ஆண்டவன் ஒட்டவச்சதை வெட்டுறதா?"

தெபெல்லோ அப்பா பக்கத்தில் போய் நின்றாள். "அப்பா, நீங்க ரோமம் பிரிக்கும்போது முள்ளைப் பாத்தா என்ன பண்ணுவீங்க?"

"அது ரோமம்டி. இது நீ."

அவள் கம்பத்தில் ஒட்டியிருந்த ரோமத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நான் பேசினேன். முதல் தடவையாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். தண்ணீர்த் துறையிலிருந்து ஏறும்போது எத்தனை தடவை சும்மா பூப் பறிக்கிற மாதிரி உட்காருவேன் என்று. டீச்சர் வேலைக்குப் படித்ததே நாற்காலி இருக்கும் என்பதற்காகத்தான் என்று. "நான் இப்படி இருந்துட்டேன். இவ இருக்க வேண்டாம்."

லெபேகோ தொப்பியைக் கழற்றி, பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டார். "எப்பக் கிளம்பணும்?"

ஆகஸ்ட் 23, செவ்வாய். மாசேரு

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு, "அந்த எலும்பை எனக்குக் காட்டணும், தூக்கிப் போட்டுடாதீங்க" என்று டாக்டரிடம் பேரம் பேசிக்கொண்டே போனாள்.

வராந்தாவில் பெஞ்சு. லெபேகோ உட்காரவே இல்லை. கொஞ்ச நேரத்தில் படியில் யாரோ பெரிய மூச்சு வாங்குகிற சத்தம். பார்த்தால் செல்லோவானே! பச்சைப் போர்வை, தலையில் கூடை, கூடைக்குள் வேகவைத்த கோழி. ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்திருக்கிறார்.

"என்ன பாக்குற? எனக்குத் தம்பி மக ஒருத்திதான். நகரு." பெஞ்சில் என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

டாக்டர் மொஹாபி வெளியே வந்தபோது நெற்றியில் தொப்பியின் தடம் பதிந்திருந்தது. "மூட்டு சுத்தமா இருக்கு. சரியான நேரத்துல வந்துட்டீங்க. வெட்டி எடுத்ததும் குதிகாலை ஆட்டிப் பாத்தேன். ஆடுச்சு." அதைச் சொல்லும்போது அவர் சிரித்த சிரிப்பு! எத்தனை கால்களைப் பார்த்திருப்பார். இன்றைக்குத்தான் முதல் தடவை என்பது போல.

தெபெல்லோ கண்ணைத் திறந்து கேட்ட முதல் வார்த்தை, "எங்க அது?"

துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். பீன்ஸ் கொட்டை அளவு. "இவ்வளவுதானா?" என்றாள். ஏமாற்றமாகப் போய்விட்டது அவளுக்கு. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தத் துக்கடாவுக்கா நான் உன்னைத் திட்டினேன்?" என்றார்.

செப்டம்பர் 14, புதன்

அறுவைக்குப் பிறகு போட்ட கட்டைப் பிரித்துவிட்டார்கள். கால் குச்சியாக இருக்கிறது, தோல் உரிகிறது. இனி அசைக்க வேண்டும். பெருவிரலைப் பேனாவாக நினைத்துக் காற்றில் எழுத்துகளை எழுத வேண்டுமாம். எழுதுகிறாள். வலிக்கும்போது காற்றில் கெட்ட வார்த்தையும் எழுதுகிறாள். எனக்குப் படிக்கத் தெரியாது என்று நினைப்பு.

அக்டோபர் 2, ஞாயிறு

இன்று எழுதவே மாட்டேன் என்று காலைத் தூக்கிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். அழுதாள். இத்தனை மாதத்தில் முதல் அழுகை. நான் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் போர்வை அசைந்தது. உள்ளே எழுதிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 28, திங்கள்

பரீட்சை முடிந்து சரிவு வழியாக வந்தாள்! காலையில் மலையை இடது பக்கம் விட்டுப் போனதும் அதே சரிவில்தான். நான் துணி உலர்த்திக்கொண்டே பார்த்தேன். ஓடவில்லை. வேகமாகக்கூட வரவில்லை. காலை வைத்து, நின்று, யோசித்து, அடுத்த காலை வைத்து. புதுப் பாஷை பேசுகிறவர்கள் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடுவார்களே, அப்படி.

"எப்படி இருக்கு?"

"கொஞ்சம் வலிக்குது. ஆனா வேற வலி. களைப்பு வலி." பையைக் கீழே போட்டாள். "கல்லு மேல வச்சா கால் தானா சாஞ்சுக்குதும்மா. முன்னாடி கல்லுதான் என்னைச் சாய்க்கும்."

லெபேகோ இன்று சாப்பிடும்போது இரண்டு தடவை மூக்கைச் சிந்தினார். சளி என்றார்.

பிப்ரவரி 24, 2017, வெள்ளி

தெபெல்லோவைக் காட்டப் போனோம். "உனக்கு இனிமே நான் வேண்டாம்" என்றார் டாக்டர். அவள் நகரவில்லை. என்னைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். "இவங்களைப் பாருங்க."

"வருவீங்கன்னு தெரியும்" என்றார் டாக்டர் மொஹாபி. அன்றைக்கே செருப்பைப் பார்த்தவர்தானே.

படம் எடுத்தார்கள். அதே எறும்புத்தின்னி மூக்கு. என் காலில். நாற்பத்தோரு வயதில் என்னையே யாரோ எனக்கு அறிமுகம் செய்துவைத்த மாதிரி இருந்தது.

"உங்களுக்கும் அதே பாலம்தான் தெபெல்லோ அம்மா. ஆனா பக்கத்து மூட்டெல்லாம் தேஞ்சு போச்சு. இப்பப் பிரிச்சா தேஞ்ச மூட்டு உரசும், வலி போகாது. பாதி அசையுது, பாதி அசையல, அதான் உங்க வலி. நான் அசையவே விடாம முழுசா ஒட்டவச்சுடறேன்."

"மகளுக்குப் பிரிச்சீங்க. எனக்கு ஒட்டுவீங்களா?"

"ஆமா. ஒரே கோளாறு, வேற வேற வயசு."

"அப்ப சாயவே சாயாது?"

"இப்ப மட்டும் சாயுதா? ஆனா வலிக்காது. நான் பாத்தவரைக்கும் முக்கால்வாசிப் பேருக்கு வலிக்கல. எலும்பு ஒட்டாமப் போனா மறுபடி திறக்கணும், அதையும் சொல்லிடறேன்."

யோசிக்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மார்ச் 5, ஞாயிறு

யோசிக்கிறேன். பழகிவிட்டது இந்தக் கால். வலியோடு எப்படி நிற்பது, எங்கே உட்காருவது, எல்லாம் தெரியும். இதை ஏன் போய்க் கிளற வேண்டும்?

"அறுத்தா வலிக்குமேன்னு பயம். இத்தனை வருஷமா வலிக்கிறது எதுல சேத்தி?" என்கிறாள் தெபெல்லோ.

நான் பாத்திரம் தேய்த்தேன்.

"சரி, வேண்டாம். நான் சொன்னதுக்காகப் பண்ணாதீங்க. ஆனா என்கிட்ட மட்டும் பூப் பறிக்கிற மாதிரி உட்கார வேண்டாம். வலிக்குதுன்னு சொல்லிட்டு உட்காருங்க."

இவளை நான்தான் பெற்றேனா?

ஜூன் 13, செவ்வாய். மாசேரு

என் காலுக்கும் அறுவை முடிந்தது. திருகாணி வைத்திருக்கிறார்களாம். வலி. இது வேறு மாதிரி, நேர்மையான வலி. தெபெல்லோ பக்கத்துக் கட்டில் சிறுமியிடம், காற்றில் எப்படி எழுதுவது என்று காட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 3, வியாழன்

காலைத் தரையில் ஊன்றக் கூடாது. வீட்டில் லெபேகோ, தெபெல்லோ, செல்லோவானே என்று மூன்று பேர் சமைக்கிறார்கள், மூன்று பேருக்கும் வராது.

செப்டம்பர் 29, வெள்ளி

ஒட்டிவிட்டது. டாக்டர் மொஹாபி படத்தைக் காட்டினார். கோடே தெரியவில்லை. "என்னா அழகு!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நானும் பார்த்தேன். அழகுதான்.

டிசம்பர் 16, சனி

செல்லோவானேயின் இளைய மகன் கல்யாணம். பெண் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். நாங்கள் பெண்கள் எல்லாரும் பாடிக்கொண்டே பாறைச் சரிவில் இறங்கினோம். எனக்கு முன்னால் போனவள் பாட்டின் இரண்டாம் அடியைத் தப்பாகப் பாட, நான் திருத்த, அவள் எங்கள் ஊரில் இப்படித்தான் என்று சொல்ல, ஆறு வரும்வரை சண்டை.

பந்தலில் ஒரே களேபரம். மாடு பெரிதாக இருந்தும் கறி பத்தவில்லை. குடல் யாருக்கு என்று மாமன்மார் ஒரு பக்கம். தெபெல்லோ ஆட்ட வரிசைக்குத் தலைவியாகி, தப்பு அடி வைத்த பையன்களையெல்லாம் "உனக்கென்ன, காலா இல்ல கம்பமா?" என்று விரட்டிக்கொண்டிருந்தாள். என்னையும் இழுத்து வரிசையில் விட்டாள். மூன்று பாட்டுக்கு ஆடினேன். நான்காவதுக்கும் ஆடியிருப்பேன், பரிமாற ஆள் இல்லை என்று கூப்பிட்டுவிட்டார்கள். பிறகு சாயங்காலம் வரை கரண்டியும் கையுமாக நின்றேன். மணப்பெண்ணின் சித்தி நல்லவள், ஆனால் உப்பை அள்ளிக் கொட்டுகிறாள்.

திரும்பி ஏறும்போது செல்லோவானேயின் குரல் கீழேயிருந்து வந்தது. "அடியே, நில்லுங்கடி! மூச்சு வாங்குது எனக்கு!" நின்றோம். வெயில் சாய்ந்து மலை முழுக்கச் செம்பு நிறம். அவர் வந்து சேர்ந்ததும் மறுபடியும் புது மருமகளின் சீரைப் பற்றி ஆரம்பித்தார், முகடு வரை நிறுத்தவில்லை.

வீட்டு வாசலில் லெபேகோ குதிரைக்குச் சேணம் கழற்றிக்கொண்டிருந்தார். ஆண்கள் முன்பே வந்துவிட்டார்கள்.

"கால் எப்படி இருக்கு?" என்றார்.

"எந்தக் கால்?" என்றேன்.